மொறிஸ் கூறாது விட்ட ஆசான்

வில்லியம் மொறிஸ் 1877ஆம் ஆண்டு டிசெம்பரில் இலண்டனிலே நிகழ்த்திய ‘அலங்காரக் கலைகள்’ என்னும் விரிவுரை, பின்னர் ‘சிறு கலைகள்’ எனப் பெயர் மாற்றம் பெற்று 1882இல் வெளிவந்த அவரது விரிவுரைத் தொகுதியில் இடம்பெற்றது. வடிவமைப்புத் துறையிற் புகும் இளைஞனுக்கு அது இரு ஆசான்களைக் காட்டுகின்றது. ஒன்று இயற்கை, மற்றையது வரலாறு. மலிவை நாடும் வாங்குவோரும் மலிவிலே போட்டியிடும் உற்பத்தியாளரும் கூடியே கைவினையைச் சீரழித்தனர் என்பது அவ்விரிவுரையின் குற்றச்சாட்டு. அது நியாயமானதே. ஆயின், கைவினைஞனின் உழைப்புக்கு உரிய விலையை எவ்வாறு கணிப்பது என்பதை மொறிஸ் ஆராயவில்லை. அதே ஆண்டிலேதான் அவரது நிறுவனம் ஒக்ஸ்போட் வீதியிலே கடை திறந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

அந்நிறுவனத்தின் தொடக்கத்தை நோக்கின் இம்மௌனத்தின் பொருள் புலனாகும். 1861இல் எழுவர் கூடித் தலைக்கு ஒரு பவுண் பங்குடன் அதனை ஆரம்பித்தனர். மொறிஸின் தாயார் நூறு பவுண் கடனுதவினார். ஓவியரும் கட்டடக் கலைஞரும் நிறைந்த அக்கூட்டத்திலே கணக்கெழுதும் பணி ஒக்ஸ்போட் கணித அறிஞர் ஃபோக்னருக்கு வாய்த்தது. கணிதம் அறிந்தவன் கணக்கும் அறிவான் என எண்ணினர் போலும்! மொறிஸுக்கோ தந்தைவழி வந்த செப்புச் சுரங்கப் பங்குகள் ஆண்டுதோறும் வருவாய் ஈட்டித் தந்தன. விலைமதிப்பிற் பிழை நேர்ந்தாலும் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அறுபதுகளில் அவ்வருவாய் குன்றலாயிற்று. 1865இல் வாரிங்டன் ரெயிலர் முகாமையாளராக அமர்த்தப்பட்டார். அவர் கலைஞரல்லர், அதற்குமுன் நாடக அரங்கொன்றிற் பணிபுரிந்தவர். வேலையை ஏற்குமுன் செலவை மதிப்பிடல், வரைதலுக்குச் செலவாகும் நேரத்தையும் விலையிற் சேர்த்தல், நிறுவனப் பணத்தையும் சொந்தச் செலவையும் வேறுபடுத்தல் ஆகியவற்றைக் கடிதத்துக்குமேற் கடிதமாக இடித்துரைத்தவர் அவரே. மொறிஸ் மதுவுக்குச் செய்த செலவுகூட அவர் கண்டனத்துக்குத் தப்பவில்லை. காசநோயால் நலிந்த அம்மனிதர் 1870இல் மறைந்தார். மொறிஸின் மூன்றாவது ஆசான் எனத்தக்க அவருக்கு விரிவுரையில் இடமில்லை.

விரிவுரையைக் கேட்டோர் தொழிலாளரே. விலை நிர்ணயம் முதலாளியின் கையிலிருந்தது. ஆகவே அப்பேச்சு அங்கு வேண்டப்படவில்லை எனச் சிலர் வாதிக்கலாம். இவ்வாதம் வலுவற்றது. சுரங்கப் பங்கு இல்லாதவனுக்கே அவ்வறிவு முதலில் வேண்டும். இயற்கையையும் வரலாற்றையும் மாத்திரம் கற்று வெளியேறுபவன், தன் வரைபடத்தின் விலையைப் பிறர் கூறக் கேட்டுத் தலையசைப்பவனாகவே இருப்பான்.

நம்மவர் மொறிஸைப் பெரிதும் ஆனந்த குமாரசுவாமி வாயிலாகவே அறிந்தனர். அவரது ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ 1908இல் அச்சானது மொறிஸின் கெல்ம்ஸ்கொட் அச்சுப்பொறியிலேயே. குமாரசுவாமியும் மரபுரிமைச் செல்வம் உடையவர். கைவினைஞனின் மாண்பை இருவரும் சிறக்க எழுதினர்; அவனது வரவுசெலவு இருவர் எழுத்திலும் பின்தங்கியே நின்றது.

மொறிஸ் கற்ற பாடங்களுள் மிகக் கசப்பானது 1875இல் வந்தது. நிறுவனத்தைத் தனியுடைமையாக்க முனைந்தபோது, முதலும் உழைப்பும் பெரும்பாலும் தமதாயிருந்தும், பங்காளிகள் எழுவரும் சட்டப்படி சமமானவர் என்பதை அவர் கண்டார். றொசெற்றி, பிரவுண், மார்ஷல் ஆகிய மூவர் ஆளுக்கு ஆயிரம் பவுண் இழப்பீடு கோரிப் பெற்றனர். பிரவுணுடனான நட்பு நெடுங்காலம் முறிந்து கிடந்தது. இரண்டே ஆண்டுகளின் பின் மேடையேறியவர் அதனை மறந்திருக்க இயலாது.