பிறர் ஒளிப்படமும் கணினி ஓவியர் கடமையும்

கலைகள் ஒன்றையொன்று பார்த்து வளர்வன. ஒரு பாடல் ஓர் ஓவியத்திற்குக் கருவாகிறது. ஓர் ஓவியம் ஒரு கூத்துக்குக் கருவாகிறது. ஆதலின், ஒருவர் ஆக்கியதிலிருந்து மற்றொருவர் ஒன்றை எடுத்துக்கொள்வதையே குற்றமென எவரும் கூறார். எடுத்துக்கொள்ளும் முறை யாது என்பதே வினா. வினா பழையதுதான். எனினும், கணினியும் கைப்பேசியும் மாணவர் கைகளுக்கு வந்துவிட்ட இந்நாளில் அது புதிய வேகத்தோடு நம்முன் வந்து நிற்கிறது.

முன்னாளில் பிறர் எடுத்த படத்தைப் பார்த்து வரைய விரும்பியவர் கட்டம் கட்டி, அளவெடுத்து, நாட்கணக்கில் உழைத்தார். இன்று இணையத்தில் ஓர் ஒளிப்படத்தைத் தேடியெடுத்து, பின்னணியை நீக்கி, நிறத்தை மாற்றி, நான்கு சொற்களைச் சேர்த்து, அதற்குக் 'கணினி ஓவியம்' என்று பெயரிட அரைமணி நேரம் போதும். போட்டிகளுக்கு வரும் சுவரொட்டிகள், பள்ளி ஆண்டு மலர்களின் அட்டைகள், கவிதை நூல்களின் முகப்புகள் ஆகியவற்றுள் இவ்வாறு பிறந்தவை பல. அவற்றில் ஓவியர் பெயர் இருக்கும். ஒளிப்படம் எடுத்தவர் பெயர் இராது. அவரிடம் ஒரு சொல் கேட்டதற்கான அடையாளமும் இராது.

பிறர் ஒளிப்படத்தைத் தம் கலைக்குப் பொருளாக்கும் முன் இசைவு கேட்டல், சட்டத்திற்கு அஞ்சிச் செய்யும் சடங்கன்று. கலைத்தொழிலின் முதற்படியே அதுதான் என்பது இக்கட்டுரையின் கருத்து.

வழி கூறும் மரபு

தமிழ் மரபு இப்பொருளில் வாய்மூடி இருக்கவில்லை. நன்னூலார் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகையாகப் பகுத்தார். வழிநூல் செய்தலை அவர் இழிவாகக் கருதவில்லை. ஆனால், ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் உரைக்க வேண்டியவற்றை எண்ணிச் சொல்லுமிடத்து, ஆக்கியோன் பெயரை முதலிலும், அந்நூல் வந்த வழியை அதனை அடுத்தும் வைத்தார். நூலின் பெயர்கூட அவற்றுக்குப் பின்னரே வருகிறது. 'இதனை ஆக்கியவர் யார்? இது எதிலிருந்து வந்தது?' என்னும் இரு வினாக்களுக்கும் விடை சொல்லிவிட்டே நூலுக்குள் புக வேண்டும் என்பது இதன் கருத்து. கம்பர் தம் காப்பியம் வான்மீகியின் வழிவந்தது என்பதை மறைக்கவில்லை. அதனால் அவர் பெருமை எள்ளளவும் குறையவில்லை.

ஆயினும், இங்கே ஒரு வேறுபாட்டை மாணவர்கள் தெளிவாக உணர்தல் வேண்டும். வழி கூறல் வேறு. இசைவு பெறல் வேறு. கம்பர் வான்மீகியைத் தேடிச் சென்று கேட்டிருக்க இயலாது. இன்றைய ஒளிப்படக் கலைஞரோ நம் காலத்தில் வாழ்பவர், அத்தொழிலால் உண்பவர், ஒரு மின்னஞ்சலில் எட்டக்கூடியவர். அண்டை வீட்டு ரம்புத்தான் மரத்தில் பழம் பறித்துக்கொண்டு, 'இஃது இன்னார் வீட்டுப் பழம்' என்று ஊரறியச் சொல்வதால் பறித்த செயல் முறையாகிவிடாது. பெயரைக் குறித்துவிட்டால் போதும் என்பார்க்கு இதுவே விடை.

ஒளிப்படம் ஒரு படைப்பா?

'ஒளிப்படத்தைப் பொறி எடுக்கிறது; மனிதர் விசையை அழுத்துகிறார்; அதில் கலை ஏது?' என்னும் எண்ணமே கேளாமல் எடுப்பதற்கு அடிப்படை. இவ்வெண்ணம் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஆராயப்பட்டது. 1882ஆம் ஆண்டில் நெப்போலியன் சரோனி என்னும் நியூயார்க் கலைஞர், எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டைப் படமெடுத்தார். ஓர் அச்சு நிறுவனம் அப்படத்தை அவர் இசைவின்றி அச்சிட்டு விற்றது. பொறி பதிவு செய்ததற்கு ஆசிரியர் என ஒருவர் இருக்க முடியாது என்பது அந்நிறுவனத்தின் வாதம். 1884இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை மறுத்தது. அமர்ந்த நிலை, உடை, திரை, ஒளியும் நிழலும், முகக்குறிப்பு ஆகியவற்றை அமைத்தவர் சரோனி; ஆகவே அவரே ஆசிரியர் என்று தீர்ப்பளித்தது. இன்று மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் ஒளிப்படத்தைக் கலைப் படைப்பாகவே கொள்கின்றன. படைப்பைப் பொதுவில் பயன்படுத்துவோர் படைத்தவரை அடையாளம் காட்டவேண்டும் என்பதும் சிங்கப்பூர்ச் சட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளது.

ஒரு சுவரொட்டியின் கதை

கணினிக் காலத்தின் புகழ்பெற்ற சான்று ஒன்றைக் காண்போம். 2008ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஷெப்பர்ட் ஃபேரி என்னும் ஓவியர், பராக் ஒபாமாவின் முகத்தைச் சிவப்பு, நீலம், மங்கிய வெண்மை ஆகிய நிறங்களில் தீட்டி, அடியில் 'ஹோப்' என்னும் ஒரே சொல்லைப் பொறித்தார். நம்பிக்கை என்பது அச்சொல்லின் பொருள். சுவரொட்டி உலகெங்கும் பரவியது. செய்திப் படம் ஒன்றை ஒரு காலத்தின் சின்னமாக மாற்றிய ஆற்றல் அதில் உண்டு; நடுநிலையோடு நோக்குவார் அதை மறுக்கமாட்டார்.

ஆனால், அச்சுவரொட்டியின் உயிர் எங்கே இருக்கிறது? சற்றே சாய்ந்த தலையிலும், தொலைவை நோக்கும் கண்களிலும் இருக்கிறது. அந்நோக்கை ஃபேரி கற்பனையில் காணவில்லை. 2006ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வாஷிங்டனில் நடந்த ஒரு செய்தியாளர் கூட்டத்தில், அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்துக்காகப் படமெடுத்த மேனி கார்சியா என்பவர் அந்நொடியைக் காத்திருந்து பிடித்தார். ஃபேரி அதனை இணையத்தில் கண்டெடுத்தார், எவரையும் கேட்கவில்லை. சுவரொட்டி வெளிவந்து ஏறத்தாழ ஓராண்டு கழியும்வரை, அதன் மூலம் தம் படமே என்பதைக் கார்சியாகூட அறியவில்லை.

பின்னர் வழக்கு எழுந்தது. தாம் பயன்படுத்தியது வேறொரு படம் என்று ஃபேரி சாதித்தார்; அதனை நிலைநாட்டச் சான்றுகளை அழித்தார்; பொய்ச் சான்றுகளையும் உண்டாக்கினார். 2009இல் உண்மை வெளிப்பட்டது. பதிப்புரிமை வழக்கு 2011இல் சமரசமாக முடிந்தது. சான்றழித்த குற்றத்திற்காக 2012இல் அவர் 25,000 டாலர் தண்டமும் ஈராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் பெற்றார். தொடக்கத்தில் எழுதப்படாத ஒரு கடிதம், முடிவில் எத்தனை பொய்களை வேண்டிநின்றது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வழியை மறைக்கத் தொடங்கியவர் மேலும் மேலும் மறைக்க வேண்டியவராகிறார்.

கேட்டதும் கேளாததும்

இசைவு கேட்டால் கலை தடைப்படும் என்பார்க்கு இரண்டாவது சான்று விடை தரும். 1981இல் லின் கோல்ட்ஸ்மித் என்னும் பெண்மணி, பாடகர் பிரின்ஸைப் படமெடுத்தார். 1984இல் வேனிட்டி ஃபேர் இதழ் அப்படத்தை ஓவியத்திற்கு மூலமாகக் கொள்ள அவரிடம் இசைவு பெற்றது. 400 டாலர் கொடுத்தது. ஒருமுறை மட்டும் பயன்படுத்துவது என்பது நிபந்தனை. ஓவியம் தீட்டியவர் புகழ்மிக்க ஆண்டி வார்ஹோல். ஓவியம் வெளிவந்தது; கோல்ட்ஸ்மித் பெயரும் உடன்வந்தது. இசைவினால் எக்கலையும் தடைப்படவில்லை.

சிக்கல் கேளாத பகுதியிலிருந்தே பிறந்தது. அதே படத்தை மூலமாகக் கொண்டு வார்ஹோல் மொத்தம் பதினாறு படைப்புகளை உருவாக்கியிருந்தார். 2016இல் பிரின்ஸ் மறைந்தபோது, அவற்றுள் ஒன்றை அட்டையில் வெளியிடுவதற்காக வார்ஹோல் அறக்கட்டளைக்கு 10,000 டாலர் வழங்கப்பட்டது. கோல்ட்ஸ்மித்துக்குப் பணமும் இல்லை, பெயரும் இல்லை. 2023ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஏழு நீதிபதிகள் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக நின்று, அந்தப் பயன்பாட்டைப் பொறுத்தவரை கோல்ட்ஸ்மித்தின் பக்கம் தீர்ப்பளித்தது. மாறுபட்ட இருவரின் கருத்தையும் நாம் புறக்கணித்தல் ஆகாது. இத்தகைய கட்டுப்பாடு புதுக்கலையின் வளர்ச்சியைக் குறுக்கும் என்று அவர்கள் அஞ்சினர். அச்சத்தில் பொருள் உண்டு. எனினும், அச்சம் நீங்க வழி 1984ஆம் ஆண்டிலேயே காட்டப்பட்டுவிட்டது: கேட்டார்கள், கிடைத்தது.

நம் அருகிலிருந்து ஒரு குரல்

மூன்றாவது சான்று நமக்கு அண்மையானது. சாங் ஜிங்னா சிங்கப்பூரில் வளர்ந்த ஒளிப்படக் கலைஞர். 2017இல் வியட்நாமின் ஹார்ப்பர்ஸ் பஜார் இதழுக்காக அவர் எடுத்த படமொன்றைப் போன்றே, இடவலம் மாறிய கோலத்தில், ஓர் ஓவியம் 2022இல் லக்சம்பர்க் நாட்டில் காட்சிக்கு வைக்கப்பட்டது. 'துராந்தோத்' என்று பெயரிட்ட அதன் ஓவியர் ஜெஃப் டீஷ்பூர்க் 1,500 யூரோ பரிசும் பெற்றார். சாங் வழக்குத் தொடுத்தார். அவ்வாண்டு இறுதியில் கீழ்நீதிமன்றம், படத்திலுள்ள தோற்றநிலையில் தனித்தன்மை இல்லை என்று கூறி அவர் வழக்கைத் தள்ளியது. 1884இல் தீர்ந்ததாக நாம் எண்ணும் வினா மீண்டும் தலைதூக்கியது. சாங் சோர்ந்துவிடவில்லை, மேல்முறையீடு செய்தார். 2024ஆம் ஆண்டு மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் முன்னைய தீர்ப்பை மாற்றி அவர் உரிமையை ஏற்றது. ஈராண்டு அலைச்சலுக்குப் பின் வந்த நீதி இது. வழக்காடும் பொருளும் மனவலிமையும் இல்லாத எளிய கலைஞருக்கு அந்த நீதியும் எட்டாது. ஆகவேதான் நீதிமன்றத்தை நம்பியிருத்தல் போதாது என்கிறோம்.

படம் ஆக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளின் காலத்தில் இவ்வினா இன்னும் விரிகிறது. தம் படைப்புகளைக் கேளாமலே கருவிக்குப் பயிற்சிப் பொருளாக்கியதாக, கூகுள் நிறுவனத்தின்மீது சாங்கும் வேறு சில கலைஞர்களும் 2024இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தனர். அளவு மாறினும் அடிப்படை வினா அதுவே: எடுக்கும் முன் கேட்டார்களா?

வகுப்பறையில் செய்யத்தக்கவை

மாணவர் கூறும் காரணங்கள் சிலவே. 'இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படிதானே இருக்கிறது?' என்பது ஒன்று. பார்க்க வைத்தது பறிக்க வைத்ததாகாது. 'நான் நிறத்தை மாற்றிவிட்டேன்' என்பது மற்றொன்று. வார்ஹோலும் நிறத்தை மாற்றினார். 'நான் இதனை விற்கவில்லை' என்பது மூன்றாவது. விற்காதவர்க்குப் பலர் மகிழ்ந்து இலவசமாகவே இசைவு தருவர். கேட்காமலிருக்க அது காரணமாகாது.

கேட்கும் முறையையும் தமிழாசிரியரே கற்பிக்கலாம். கடிதம் எழுதும் பயிற்சி நம் பாடத்தில் உள்ளதுதானே? எந்தப் படம், அதை என்ன செய்யப்போகிறோம், எங்கே வெளியிடுவோம், பெயரை எவ்வாறு குறிப்போம், கட்டணம் உண்டா என்னும் ஐந்து செய்திகள் இருந்தால் கடிதம் நிறைவுறும். படத்தில் மனிதர் இருப்பின் அவரையும் கருத வேண்டும். பத்துமலையில் காவடி ஏந்தும் பக்தரின் முகத்தை வேடிக்கைச் சித்திரமாக்க, படமெடுத்தவரின் இசைவு மட்டும் போதுமா என்று வகுப்பிலே விவாதிக்கலாம்.

விடை வராவிட்டால்? மௌனம் சம்மதம் என்பது பழமொழி. இவ்விடத்தில் அது செல்லாது. அப்போது வேறு வழிகள் உண்டு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு கலைஞர்கள் தாமே மனமுவந்து வழங்கிய படங்கள் ஏராளம்; நிபந்தனைகளைப் படித்துப் பயன்படுத்தலாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் தன் சேகரத்திலிருந்து மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைத் தடையின்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்டது. இவை அனைத்தினும் மேலான வழி, மாணவர் தாமே படமெடுத்தல். காலை வெயிலில் பாட்டியின் கைகளைப் படமெடுக்க ஒருமணி நேரம் முயன்ற மாணவிக்கு, ஒளிப்படம் என்பது விசையை அழுத்துவதன்று என்பதை வேறெவரும் விளக்க வேண்டியதில்லை.

போட்டி நடத்துவோர்க்கும் கடமை உண்டு. ஒவ்வொரு கணினி ஓவியத்தோடும் மூலப்படம், எடுத்தவர் பெயர், இசைவு பெற்ற விவரம் ஆகியவை அடங்கிய குறிப்பொன்றைக் கேட்டுப் பெறல் வேண்டும். நூலுக்குப் பாயிரம் போன்றது அது. குறிப்பில்லாத ஓவியம் எத்துணை அழகாயினும் பரிசுக்குரியதாகக் கொள்ளல் ஆகாது.

இறுதியாக ஒன்று. கேட்பவர் மறுப்பையும் ஏற்க ஆயத்தமாக இருத்தல் வேண்டும். 'தரமாட்டேன்' என்று ஒருவர் சொன்னபின், அழகிய திட்டமொன்றைக் கைவிடுவது இளம் கலைஞருக்கு வருத்தமே. எனினும், மறுக்கும் உரிமையை மதிக்காதவர் கேட்பது வெறும் அறிவிப்பாகுமேயன்றிக் கேள்வி ஆகாது. 'ஆம்' என்ற விடைக்கு மதிப்பு உண்டாவது, 'இல்லை' என்பதற்கும் இடம் இருப்பதால்தான். இதனை நம் மாணவர் கணினியின் முன் அமரும் முதல்நாளிலேயே கற்றல் வேண்டும். அதைக் கற்பிக்க வேண்டியவர் ஆசிரியராகிய நாமே.