கெமிஸ்தமும் நம் மாணவரும்

டுரியான் துங்காலிலிருந்து மருந்தாளர் கல்விக்குச் செல்ல விரும்பும் தமிழ் மாணவர்க்கு வேதியியலே வாயிற்படி. தொடக்கப் பள்ளியில் தமிழில் கற்ற அறிவியலை இடைநிலைப் பள்ளியில் மலாயிலோ ஆங்கிலத்திலோ தொடர வேண்டும்.

இதனை எண்ணுங்கால் 1875இல் வெளிவந்த ‘கெமிஸ்தம்’ என்னும் நூல் நினைவுக்கு வருகிறது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்கர் டாக்டர் கிறீன் முயற்சியால் வந்தது அது. நூற்பெயர் தமிழன்று எனக் குறை கூறுவர். உண்மையே, எனினும் பொருள் விளக்கம் தமிழில் அமைந்தது. அதுவே பெரிது.

நாமோ ‘காரம்’ என்னும் நல்ல சொல்லைத் தந்துவிட்டுப் பலவேளை பொருளைத் தருவதில்லை. பிள்ளை மிளகாயை நினைக்கிறான்! பின்னர் ‘அல்கலி’ எனக் கேட்டதும் திகைக்கிறான். சவர்க்காரத்திலுள்ள காரம் எதுவென்று அவனுக்கு யார் சொன்னார்? சவர்க்கார நீரில் சிவப்பு லிட்மசுத் தாள் நீலமாவதைக் காட்டி, இரு சொற்களையும் அப்பொழுதே கரும்பலகையில் எழுதுவது ஆசிரியர்க்கு அரிதோ?