உருளைச் சுவர்களில் உழவர் முகங்கள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து விம்மரா, மாலி கோதுமைச் சமவெளிகளில், அறுவடைத் தானியத்தை ரயிலில் ஏற்றும்வரை சேமித்து வைப்பதற்காக எழுப்பப்பட்ட ‘சைலோ’ எனும் உயர்ந்த கான்கிரீட் உருளைகள், பயன்பாடு குறைந்த பின் ஓவியப் பரப்புகளாயின. பிரிம் சிற்றூரில் 1939-இல் கட்டப்பட்ட நான்கு உருளைகளில், கைடோ வான் ஹெல்டன் 2016 ஜனவரியில் நிறைவு செய்த ஓவியமே அம்மாநிலத்தில் இவ்வகையின் முதலாவது ஆகும். வெவ்வேறு தலைமுறைகளைச் சேர்ந்த ஆண், பெண் உழவர் நால்வரை அது பெயரின்றிக் காட்டுகிறது.

வளைந்த பரப்பில் வரைவது தட்டையான சுவரில் வரைவதினும் கடினம்; நேர்நின்று நோக்குகையில் செம்மையாகத் தெரியும் முகம், பக்கவாட்டில் நகர்ந்தால் சுருங்கித் திரியும் என்பதாலும், ஏணி மேடையில் நிற்கும் ஓவியருக்குத் தம் கையருகே உள்ள சிறு பகுதியன்றி முழு உருவம் புலப்படாது என்பதாலும், அளவுகளை முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதே சமவெளிகளில் உள்ள ஷீப் ஹில்ஸ் ஊரின் உருளைகளில் ஓவியர் அட்னேட் வரைந்த பழங்குடி மூத்தோரும் சிறாரும் விண்மீன்கள் நிறைந்த இரவு வானின் பின்னணியில் ஒளிர்கின்றனர். ஆயினும், லாசெல்ஸ் ஊரின் உருளைகளில் ரோன் என்பவர் உள்ளூர் உழவர் தம்பதியை வரைந்த முறையே நுட்பமானது (வண்ணப் பகட்டை விரும்புவோர் இதற்கு உடன்படார்). கான்கிரீட்டின் சாம்பல் நிறத்தோடு இயையும் மங்கிய வண்ணங்களில், நீர் கலந்து மெல்லிதாக்கிய பூச்சினால் அமைந்த அவ்வுருவங்கள், தொலைவிலிருந்து வருவோர்க்கு முதலில் வெறும் கறைபோலத் தோன்றி, அணுக அணுகவே முகங்களாகத் திரள்கின்றன.