கோட்டை நடையும் கறுவாக் கூலியும்

காலிக் கோட்டையைச் சுற்றிப் பார்க்க வழிகாட்டி வேண்டியதில்லை. ஒரு வரைபடமும் சிறு கையேடும் இருந்தாற் போதும் என்பது இன்றைய வழக்கு. இவ்வழக்கு வரவேற்கத்தக்கதே. தன் காலால் நடப்பவன் விரும்பிய இடத்தில் நின்று சிந்திக்கலாம். ஆயினும், கையேடு குறித்துக் காட்டுவனவற்றையே அவன் கண்கள் காண்கின்றன. ஆதலின் கையேடும் ஓர் இலக்கியமே. அதற்கும் சார்பு உண்டு.

நான் கண்ட கையேடுகள் கட்டடங்களின் கதையையே கூறுகின்றன. 1588இல் போர்த்துக்கேயர் அரண் அமைத்தனர். 1640இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1755இல் ஒல்லாந்தர் தேவாலயம் எழுந்தது. 1988இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமையாக ஏற்றது. யாவும் உண்மையே. பழைய வாயிலின் உட்புறத்திலே ஒல்லாந்தக் கம்பனியின் இலச்சினையும் 1669 என்னும் ஆண்டும் செதுக்கப்பட்டுள்ளன. அதன் வேலைப்பாட்டைக் கையேடு வியக்கிறது. அவ்வாயில் ஊடறுத்துச் செல்லும் நீண்ட பண்டகசாலை யாருடைய உழைப்பால் நிறைந்தது என்று அது வினவுவதில்லை. காட்டிலே கறுவாப்பட்டை உரித்துக் கம்பனிக்கு அளப்பது சலாகம சாதியினர்மீது சுமத்தப்பட்ட கட்டாய ஊழியம். அவ்வூழியமின்றிப் பண்டகசாலையுமில்லை, இலச்சினையுமில்லை.

ஐரோப்பியர் வருமுன்னரே காலி உலகறிந்த துறைமுகம். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ நிறுவிய, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழிகளில் அமைந்தது. 1911இல் அது காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தது. இன்று கொழும்பு நூதனசாலையில் உள்ளது. மும்மொழி வணிகரும் கூடிய துறையின் சான்று சாக்கடைக்கு மேல் கவிழ்ந்து கிடந்தமை, ஆண்டவரின் நினைவு எதனைப் போற்றியது, எதனைப் புறக்கணித்தது என்பதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

2004 டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலையில் மதில் கோட்டையைப் பெரிதும் காத்தது. மதிலுக்கு வெளியே பஸ் நிலையத்தில் நின்ற எளிய மக்களை வெள்ளம் அடித்துச் சென்றது. மதிலைப் புகழும் நடை அந்நிலையம்வரை செல்லவேண்டாமா?

மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் கையேட்டை எறிந்துவிட வேண்டியதில்லை. ஒவ்வொரு தரிப்பிடத்திலும் ஒரு கேள்வியை மாணவரைக்கொண்டே அதில் எழுதுவிக்கட்டும்: இதற்காக உழைத்தவர் யார்? பயனடைந்தவர் யார்? நடையைப் பஸ் நிலையத்தில் முடிக்கட்டும். அப்போதுதான் அது வேடிக்கை பார்த்தலினின்று நீங்கி வரலாற்றுக் கல்வியாகும்.