மின்கம்பிக்கு ஊரே முதலாளி

1930-களில் டெக்சாஸ் மலைநாட்டுப் பெண்கள் கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்தார்கள். துணிக்கு இஸ்திரி போட, கொளுத்தும் கோடையிலும் விறகடுப்பை மூட்டி இரும்புக் கட்டியைக் காய்ச்ச வேண்டும். பிடியில் துணி சுற்றினாலும் கை சுடும். நகரத்திலோ மின்விளக்கு எரிந்தது. மைலுக்கு இரண்டு மூன்று வீடுகளே உள்ள இடத்துக்குக் கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது என்றன தனியார் நிறுவனங்கள். அன்று அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது.

1935-இல் அதிபர் ரூஸ்வெல்ட் ஊரக மின்மயமாக்க நிர்வாகத்தை அமைத்தார். அடுத்த ஆண்டுச் சட்டம் குறைந்த வட்டிக் கடனுக்கு வழிசெய்தது. விவசாயிகள் கூடிச் சங்கம் அமைத்து அந்தக் கடனை வாங்கினார்கள். அப்பகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் லிண்டன் ஜான்சனின் முயற்சியோடு 1938-இல் மலைநாட்டில் பிறந்தது பெடர்நாலெஸ் மின் கூட்டுறவு. மறு ஆண்டே வீடுகளில் விளக்கு எரிந்தது.

ஏற்பாடு எளிது. இணைப்பு வாங்குபவர் உறுப்பினர்; உறுப்பினரே உரிமையாளர். எத்தனை யூனிட் எரித்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. செலவு போக மிஞ்சும் பணம் எங்கோ உள்ள பங்குதாரருக்குப் போவதில்லை. பயன்பாட்டுக்கு ஏற்ப அவரவர் பெயரில் வரவு வைக்கப்படும். சில ஆண்டுகள் கம்பத்திலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் முதலாக நின்று, பிறகு காசோலையாகவோ பில்லில் கழிவாகவோ அது திரும்பி வரும். இன்று இத்தகைய சங்கங்கள் சுமார் 900. நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் அவற்றின் மின்சாரம்தான். லாபம் பார்த்தவர்கள் கைவிட்ட இடத்தில் நடந்த பெரும் சாதனை இது.

ஆனால் உரிமை ஏட்டளவில் நின்றுவிடவும் கூடும். அதே பெடர்நாலெஸில், காலப்போக்கில் இயக்குநர் குழு தன் ஆட்களைத் தானே தேர்ந்துகொள்ளும் நிலை வந்தது. 2007-இல் உறுப்பினர்கள் வழக்குத் தொடுத்தார்கள். முன்னாள் பொது மேலாளர் நிதி முறைகேட்டில் குற்றவாளி என 2010-இல் தீர்ப்பானது. இதை ஒரு சங்கத்தின் நோய் என்று ஒதுக்க முடியாது: 2016-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, பத்தில் ஏழு சங்கங்களில் தேர்தலில் ஓட்டுப் போடுவோர் 10 சதவீதத்துக்கும் குறைவு.

இன்னொரு முடிச்சு, மின்சாரத்தைப் பெரும்பாலும் ஒரே மொத்த விற்பனையாளரிடம் வாங்கக் கட்டாயப்படுத்தும் நீண்டகால ஒப்பந்தம். மலிவான சூரிய மின்சாரம் அருகில் கிடைத்தாலும் பல சங்கங்களால் தாராளமாக வாங்க முடியாது. நியூ மெக்சிகோவின் கிட் கார்சன் கூட்டுறவு 2016-இல் அந்தக் கட்டை அறுத்து வெளியேறியது. அதற்கான விலை 3.7 கோடி டாலர். 2022-இல், வெயில் நாட்களின் பகல்நேரத் தேவை முழுவதையும் சூரிய ஒளியிலிருந்தே பெறும் நிலைக்கு அது வந்து சேர்ந்தது.