பிறர் பாவத்தை ஒருவர் சுமக்கலாமா?

பொன் கன்றுக்குட்டியை வணங்கிய மக்களுக்காக மோசே கடவுளிடம் மன்றாடுகிறார். அவர்களை மன்னிக்க முடியாதென்றால் உமது புத்தகத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடும் என்கிறார். யாத்திராகமம் 32ஆம் அதிகாரம் இது. கடவுள் அதற்கு இணங்கவில்லை. பாவம் செய்தவன் பெயர்தான் நீக்கப்படும் என்று மறுத்துவிடுகிறார். எசேக்கியேல் 18 இன்னும் கறாரானது: தகப்பன் அக்கிரமத்தை மகனும், மகன் அக்கிரமத்தைத் தகப்பனும் சுமப்பதில்லை. அதே வேதாகமத்தில்தான் ஏசாயா 53உம் இருக்கிறது. பலருடைய மீறுதலைத் தன்மேல் தாங்கும் தாசனை அது காட்டுகிறது. அந்தத் தாசன் இயேசுவே என்பது சபையின் அறிக்கை. மோசேக்கு மறுக்கப்பட்டது இயேசுவிடம் எப்படி ஏற்கப்பட்டது? மனமுவந்து வந்தார் என்பது மட்டும் பதிலாகாது, மோசேயும் மனமுவந்துதான் வந்தார்.

திருச்சபை இதற்கு ஒரே விளக்கத்தை வகுத்துக்கொள்ளவில்லை. 381ஆம் ஆண்டின் விசுவாசப் பிரமாணம், நமக்காகச் சிலுவையில் அறையப்பட்டார் என்பதோடு நின்றுவிடுகிறது. கிறிஸ்து யார் என்பதற்காகச் சங்கம் சங்கமாகக் கூடி வாதிட்ட முதல் ஏழு பொதுச் சங்கங்களும், சிலுவை எப்படி மீட்கிறது என்ற கேள்விக்குச் சட்டம் வகுக்கவில்லை. சிந்தனைப் பள்ளிகள் பெருகியதற்கு அந்த மௌனம் ஒரு காரணம்.

பழைய பள்ளி மீட்புப்பணத்தைப் பேசியது. மனிதன் சாத்தானிடம் சிறைப்பட்டிருந்தான், இயேசுவின் உயிர் அதற்கான விலை என்றார் ஓரிகன். நிசா நகரத்துக் கிரகோரி அதைத் தூண்டிலாக்கினார்: மனித உடல் இரை, உள்ளே மறைந்திருந்த தெய்வீகம் முள். கொள்ளைக்காரனுக்கு எதற்கு இவ்வளவு பெரிய விலை என்று நசியான்சுஸ் கிரகோரி கேட்டபோதே இந்த விளக்கம் ஆட்டம் கண்டுவிட்டது.

அடுத்து வந்த அன்செல்மிடம் நின்று நிதானிக்க வேண்டும். கான்டர்பரிப் பேராயரான அவர் 1098இல் எழுதி முடித்த ‘கடவுள் ஏன் மனிதரானார்’ என்ற உரையாடல் நூல் சாத்தானைக் கணக்கிலிருந்தே நீக்கியது. பாவம் என்பது கடவுளுக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்தாமை. கடன்பட்டவன் மனிதன், அதைத் தீர்க்கும் அளவு உடையவர் கடவுள் மட்டுமே. ஆகவே இருவருமாய் இருப்பவர் ஒருவர் வேண்டும். பாவமற்றவருக்குச் சாவு கடமை இல்லை. கடமை இல்லாத ஒன்றை அவர் விரும்பித் தந்ததால் அது ஈடாகிறது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. நம் பிரசங்க பீடங்களில் அது பெரும்பாலும் தவறிப்போகிறது. ஈடு செய்வதும் தண்டனை பெறுவதும் அன்செல்முக்கு இரண்டு வெவ்வேறு வழிகள். ஈடு கிடைத்துவிட்டால் தண்டனைக்கு இடமில்லை. அவருடைய நூலில் இயேசு தண்டிக்கப்படுவதில்லை.

தண்டனை மையத்துக்கு வந்தது சீர்திருத்தவாதியான கால்வினிடம். சட்டம் படித்தவர் அவர். 1559இல் நிறைவான வடிவம் பெற்ற அவரது பெருநூலில், நமக்குரிய தீர்ப்பு கிறிஸ்துவின்மேல் விழுகிறது. இதைக் கடுமையாகத் தாக்கியவர் இத்தாலியரான சொசீனுஸ். 1594இல் அச்சான அவரது நூலின் வாதத்தை இன்றுவரை யாரும் எளிதாகத் தாண்டிவிடவில்லை. பணக்கடனை யார் வேண்டுமானாலும் அடைக்கலாம், தண்டனையோ ஆளோடு ஒட்டியது. மேலும், முழுக்க வசூலித்த கடனை மன்னித்தேன் என்று எப்படிச் சொல்வது? சட்ட அறிஞர் குரோஷியஸ் 1617இல் பதில் எழுதினார்: கடவுள் இங்கே கடன் கொடுத்தவர் அல்ல, ஆள்பவர், சட்டத்தின் மதிப்பைக் காத்தபடியே அவர் மன்னிக்கிறார். இது கெட்டிக்காரத்தனமான பதில். ஆனால் குற்றமற்றவர் துன்புற்றால் எந்தச் சட்டத்தின் மதிப்பு உயரும் என்று அவர் விளக்கியதாக எனக்குத் தோன்றவில்லை.

நற்செய்திக் கூட்டங்களில் பலரும் கேட்டிருக்கக்கூடிய கதை ஒன்று உண்டு. நீதிபதி தீர்ப்புச் சொல்லிவிட்டு, இருக்கையிலிருந்து இறங்கி வந்து தானே பணம் கட்டுவார். கதையில் எப்போதும் அபராதம்தான், தூக்குத் தண்டனை வராது. தத்துவ அறிஞர் டேவிட் லூயிஸ் 1997இல் எழுதிய கட்டுரை தொட்ட இடம் இதுதான். நண்பன் அபராதம் கட்டினால் நாம் ஆட்சேபிப்பதில்லை, நண்பன் சிறைக்குப் போனால் ஒப்பமாட்டோம். இந்த விஷயத்தில் கிறிஸ்தவர் மட்டுமல்ல, எல்லோருமே இரண்டு மனம் உடையவர்கள்தான் என்றார் அவர்.

ஆள்மாற்றம் உண்மையிலேயே நடந்ததும் உண்டு. 1941இல் அவுஷ்விட்ஸ் முகாமில் பட்டினி போட்டுக் கொல்லத் தேர்ந்தெடுக்கப்பட்ட பத்துப் பேரில் ஒருவர் காயோவ்னிசெக். மனைவி மக்களை நினைத்து அவர் கதறியபோது, பிரான்சிஸ்கன் குரு மாக்சிமிலியன் கோல்பே அவருக்குப் பதிலாக முன்வந்தார். ஆகஸ்ட் 14 அன்று நச்சு ஊசி போட்டுக் கொல்லப்பட்டார். 1982இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கப்பட்டபோது காயோவ்னிசெக்கும் அங்கே இருந்தார். கோல்பேயின் மனம் புனிதமானது, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த மாற்றத்தை முகாம் அதிகாரி ஏன் ஏற்றார்? யார் செத்தாலும் அவருக்கு ஒன்றுதான். கணக்கு பத்து என்றால் போதும். ஆகவே கேள்வி பலியாகிறவரின் மனத்தைப் பற்றியது மட்டுமல்ல, பலியை ஏற்பவரின் குணத்தைப் பற்றியதும்கூட. மோசேயை மறுத்த கடவுள் அந்த அதிகாரி மாதிரி இல்லை என்பதைத்தான் யாத்திராகமம் காட்டுகிறது.

இந்த இடத்தில் எனக்கு உதவுபவர் தாமஸ் அக்குவினா. தண்டனை என்ற வகையில் பார்த்தால் ஒருவன் தன் பாவத்துக்காக மட்டுமே தண்டனை பெற முடியும் என்று அவர் எசேக்கியேலுக்கு இடம் விட்டார். ஈடு அப்படியல்ல, அன்பினால் ஒன்றானவர்களில் ஒருவர் மற்றவருக்காக அதைச் செய்யலாம். கிறிஸ்து தலை, விசுவாசிகள் உறுப்புகள், இரண்டும் சேர்ந்து ஒரே ஆள் போல என்பது அவர் முடிவு. ரோமர் 6ஆம் அதிகாரத்தில் பவுல் பேசுவதும் இதுதான். அங்கே ஞானஸ்நானம் பெற்றவன் கிறிஸ்துவோடு மரிக்கிறான். வேறொருவர் செத்ததால் தப்பியவனாக வெளியே நிற்பதில்லை. இந்த ஐக்கியத்தை எடுத்துவிட்டு வழக்குமன்றத்தை மட்டும் வைத்துக்கொண்டால் சொசீனுஸ் ஜெயித்துவிடுவார்.

இடைக்கால இறையியலாளர் அபெலார் இன்னொரு பக்கத்திலிருந்து கேட்டார். ஆதாமின் பாவத்துக்கே இத்தனை விலை என்றால், மகனைக் கொன்ற பெரிய பாவத்துக்கு என்ன விலை? குற்றமற்ற இரத்தத்தை விலையாகக் கேட்பது கொடுமையல்லவா? சிலுவை நம்மில் அன்பை எழுப்புகிறது என்பது அவர் விடை. விடையைவிடக் கேள்விக்கு வலு அதிகம். 1989இல் ஜோயன் கார்ல்சன் பிரௌன், ரெபெக்கா பார்க்கர் என்ற இரு அமெரிக்கப் பெண் இறையியலாளர்கள் அதைக் கூர்மையாக்கினார்கள்: தகப்பன் பிள்ளையை வதைப்பதைப் புனிதமாக்கும் போதனை, அடிவாங்கும் பெண்களையும் பொறுத்துப்போகச் சொல்கிறது.

பிதா வேறு, குமாரன் மூன்றாம் ஆள் என்று பிரசங்கிப்பவருக்கு இந்தக் குற்றச்சாட்டுக்குப் பதிலே கிடையாது. பதில் உண்டென்றால், செலுத்துபவரும் ஏற்பவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவ நம்பிக்கையில்தான் உண்டு. யோவான் 10இல் இயேசு தம் உயிரைத் தாமே கொடுப்பதாகச் சொல்லும்போது, அதைத் திரும்ப எடுக்கவும் தமக்கு அதிகாரம் உண்டு என்கிறார். கெத்செமனேயில் பாத்திரம் நீங்கட்டும் என்று கேட்டுப்பார்த்த பிறகே சம்மதிக்கிறார். மறுக்க முடிந்தவர் தருவதைத்தான் இந்த மரபு பலி என்கிறது. குடிகாரக் கணவனிடம் அடிபட்டு வரும் பெண்ணிடம், உன் சிலுவையைச் சும என்று சொல்லி அனுப்பும் போதகர், மறுக்க வழியே இல்லாதவளிடம் அதைக் கேட்கிறார். அந்த ஆலோசனைக்கு அன்செல்மிலும் ஆதாரமில்லை, அக்குவினாவிலும் இல்லை.