இளவேனிலும் நம் உயிர்ப்புப் பாடல்களும்

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்பது தமிழ்மரபு. உயிர்ப்புக்காலத்தின் ஐம்பது நாள்களில் பெரும்பகுதி இப்பருவத்திலேயே அமைகின்றது. ஆயின் வத்தலக்குண்டில் அப்போது பனி உருகுவதில்லை. வெயில்தான் நம்மை உருக்குகின்றது. பனி விலகியது, மலர் விரிந்தது என மேலைநாட்டு வழக்கில் எழுதப்பட்ட பாடலைக் கேட்கும்போது, அம்மலர் எந்நாட்டது என வினவத் தோன்றுகிறது. ('எழுத்து' இதழை 1959இல் தொடங்கிய சி. சு. செல்லப்பா வளர்ந்த ஊர் இது. இவ்வளவு விமரிசனம் இங்குப் பொறுத்துக்கொள்ளப்படும் என நம்புகிறோம்.)

தொல்காப்பியம் வேனிலைப் பாலைக்கு உரியதாக்கிற்று. பாலையின் உரிப்பொருள் பிரிவு. சிலப்பதிகாரத்து வேனிற்காதையில் மாதவி எழுதியனுப்பிய மடலைக் கோவலன் ஏற்க மறுக்கின்றான். நம் இளவேனிற்பாட்டு முதலில் ஏக்கப்பாட்டு. யோவான் நற்செய்தி 20ஆம் அதிகாரத்தில், தோட்டத்துக் கல்லறையருகே அழுதுநிற்கும் மகதலா மரியாவும் இத்திணைக்கு உரியவரே. அவரது விழாவான ஜூலை 22 அன்று, அன்பரைத் தேடியலையும் இனிமைமிகு பாடல் பகுதியைத் திருஅவை வாசிக்கின்றது. நம் உயிர்ப்புப் பாடல்கள் பலவோ அவர் கண்ணீரைத் தாண்டி நேரே வெற்றிமுழக்கத்திற்குச் சென்றுவிடுகின்றன. தாளம் தப்புவதில்லை, நெஞ்சம் சற்றே தங்க இடந்தான் இல்லை.

எமக்கு மிக விருப்பமானது, அசிசி பிரான்சிஸ் 1225இல் இயற்றிய கதிரவன் பாடல். கண்நோய் முற்றிப் பகலொளியையே தாங்க இயலாதிருந்த நாள்களில்தான் அவர் கதிரவனைச் சகோதரன் என்றழைத்தார். அதுவும் இலத்தீனில் அன்று, தம் ஊரார் பேசிய மொழியில். வெயிலின் துன்பம் அறிந்தவர் பாடிய வெயில்வாழ்த்து ஆதலால், உச்சிப்பொழுதில் கோவிலிலிருந்து திரும்புகையிலும் அது எமக்குக் கசப்பதில்லை.